கோல்போஸ்டில் கட்டிய எலுமிச்சம்பழம்

லீவு நாளான வெள்ளிக்கிழமை காலையில், வளைகுடாவில் நாங்கள் வேலை பார்த்த முசஃபாவில் இரண்டு இடங்களில் கூட்டம் முண்டும். ஒன்று பிரியாணிக் கடை. மற்றது எங்கள் லேபர் கேம்ப்பின் கடைசி அறை, நாகலிங்க சாமி குறி சொல்லும் இடம். பிரியாணிக் கடையிலாவது கொடுத்த காசுக்கு ஒரு கோழிக்கால் கிடைக்கும்.

சாமி காசைக் கையால் தொடமாட்டார். அவ்வளவு சுத்தம். ஊருக்குப் பேசுகிற போன் கார்டுதான் காணிக்கை, அதுவும் சுரண்டாத கார்டு. மற்ற நாளெல்லாம் அவர் எங்களை சைட்டுக்குக் கூட்டிப்போகிற கம்பெனி பஸ்ஸின் டிரைவர். வெள்ளிக்கிழமை மட்டும் யூனிஃபார்மைக் கழற்றிக் காவி கட்டி, இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் சம்மணம் போட்டால் சாமி. மேல்தட்டுக்காரன் அன்றைக்கு வராந்தாவில் கிடப்பான். தெய்வத்துக்கு மேலே காலை நீட்டக் கூடாதல்லவா?

"உன் வீட்டம்மா போன்ல மூஞ்சி குடுத்துப் பேசலையே?" என்பார் சாமி. வந்தவன் நடுங்கிப்போவான். "லீவு கேட்டதுக்கு இன்ஜினியர் எரிஞ்சு விழுந்தானா?" என்பார். அடுத்தவன் காலில் விழுவான். இவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தெய்வக் குற்றம். கேட்காவிட்டால் கார்டு மட்டும்தான் போகும்.

இந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் எப்போதும் முனியசாமி இருப்பார். சாயல்குடிப் பக்கம். கம்பி கட்டுகிறவர்களுக்கு ஃபோர்மேன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதியில். உலகத்தில் யாரையும் நம்பாத ஆள். மெஸ்ஸில் சாம்பாரை மோந்து பார்த்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றுவார். கம்பெனி நீட்டுகிற காகிதத்தை மூன்று பேரிடம் தனித்தனியாகப் படிக்கச் சொல்லி, மூன்றும் ஒத்துவந்தால்தான் கைநாட்டு. கம்பெனி பஸ்ஸில்கூட டிரைவருக்குப் பின்சீட்டில்தான் உட்காருவார். டிரைவர் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறானா என்று இவர் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட மனுஷன்தான் வெள்ளிக்கிழமை ஆனால் அதே டிரைவர் காலில் விழுந்தார். எச்சரிக்கையான ஆள். தரை சுத்தமா என்று பார்த்துவிட்டு விழுந்தார்.

கேம்ப் கால்பந்து டீமுக்கும் அவர்தான் பொறுப்பு. ஆஃப்சைட் என்றால் என்ன என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. சொல்லிக்கொடுக்கிறவன் தப்பாகச் சொல்லி ஏமாற்றிவிடுவான் என்று கேட்டதும் இல்லை. குளிர்காலம் வந்தால் தமிழ் ஆட்கள் இருக்கிற கேம்ப்புகளுக்குள் போட்டி நடக்கும். இவர் டீம் வருஷா வருஷம் முதல் மேட்ச்சிலேயே தோற்று, மற்றவர்களுக்குச் சீக்கிரமாகப் பிரியாணி சாப்பிட வழிவிடும்.

உலகக்கோப்பை முடிந்த அந்த வருஷம் அவருக்குக் கடைசி வருஷம். வயசாகிவிட்டது, விசாவைப் புதுப்பிக்கமாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. போவதற்குள் ஒரு மேட்ச் ஜெயித்துப் பார்க்க வேண்டும். கோப்பையெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு மேட்ச்.

போட்டிக்கு முன்னால் கேம்ப்புகள் ஆள் மாற்றிக்கொள்வது வழக்கம். நம் ஆள் ஒருவன் அங்கே போய் ஆடுவான், அவர்கள் ஆள் இங்கே வந்து ஆடுவான். ஷார்ஜா டீமைப் பார்த்துக்கொள்ளும் சுஐபு ஒருநாள் போன் செய்தார். "கௌஸ் முகைதீனத் தாரேன். விமலக் குடுக்குறீங்களா?"

கௌஸ் முகைதீன் காயல்பட்டினத்துக்காரன். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கேரேஜில் மெக்கானிக். பின்வரிசையில், அதாவது பேக்காக, நின்றால் அவனைத் தாண்டிப் பந்தும் போகாது, பந்தைக் கொண்டுவந்தவனும் போகமாட்டான் என்று பேச்சு. முசஃபாவில் பேரைத்தான் கேட்டிருக்கிறார்கள், முகத்தைப் பார்த்தவன் இல்லை. விமலோ எங்கள் டீமில் கோல் போடத் தெரிந்த ஒரே பையன்.

மெஸ்ஸில் தட்டு பறக்காத குறை. பாதிப்பேர் கொடு என்றார்கள். பாதிப்பேர் கொடுக்காதே என்றார்கள். முனியசாமி இருவரையும் நம்பவில்லை. நேராகச் சாமியிடம் போனார்.

சாமி கண்ணை மூடித் திறந்தார். "பேக் எதுக்குய்யா? அதான் கோல்போஸ்ட்ல நம்ம பழம் தொங்குதே."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மேட்ச்சுக்கு மேட்ச் கோல்போஸ்டில் மந்திரித்த எலுமிச்சம்பழம் கட்டுவது சாமியின் பொறுப்பு. அதற்கு ஆட்டக்காரன் ஒவ்வொருவனும் ஒரு கார்டு வைக்க வேண்டும்.

"போன வருஷம் ஏழு கோல் விழுந்துச்சே சாமி?" என்றார் முனியசாமி.

"பழம் இல்லாட்டி பதினாலு விழுந்திருக்கும்."

"ஆமால்ல!" என்றது கூட்டம். முனியசாமிக்கு ஏழு கோல் மிச்சம் பிடித்த மாதிரி இருந்தது.

"இருந்தாலும் அந்தப் பையன் உடம்ப ஒரு தடவ பாத்துருவோம். அடுத்த வெள்ளி வா. அம்பாள் காட்டிக் குடுப்பா."

கதவோரம் நின்ற கோல்கீப்பர் வாசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏசி மெக்கானிக், திருச்சிக்காரன். ஏழு தடவை வலைக்குள் குனிந்து பந்து பொறுக்கிய இடுப்பு அவனுடையது.

"அண்ணே, அந்த ஏழுல ஒண்ணு பழத்துல பட்டுத் திரும்பித்தான் உள்ள போச்சு. வெளிய போக வேண்டிய பந்து."

"வாயக் கழுவுடா!" என்றார் முனியசாமி.

வாசு வாயைக் கழுவவில்லை. மறுநாள் குழாயடியில் அவரை ஓரமாக இழுத்தான்.

"அண்ணே, ஒரு ரகசியம். கௌஸுக்கு எடது முட்டில ஆபரேஷனாம். உள்ள இரும்புத் தகடு வச்சிருக்காம். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். வெளிய போச்சுன்னா எனக்குத்தான் கேவலம்."

"யார்ட்டடா பேசுற? கெணத்துல போட்ட கல்லு மாதிரி நெனச்சுக்க."

முனியசாமி மெஸ்ஸில் மூச்சு விடவில்லை. அறையில் மூச்சு விடவில்லை. சைட்டில், கம்பி முறுக்கும்போதுகூட உதட்டை இறுக்கிக்கொண்டார். இவ்வளவு அழுத்தமான ஆள் கேம்ப்பில் வேறு யார் இருக்கிறார்கள் என்று தன்னைப் பற்றியே அவருக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அறையில் நிற்க இடமில்லை. அன்று மாலைக்குள் சுஐபுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாசு ஒரு தொப்பிக்காரனைக் கூட்டிவந்து மூலையில் உட்காரவைத்தான். விருந்தாளி என்றான்.

சாமி உடம்பை உலுக்கினார். கட்டில் கிறீச்சிட்டது.

"தெரியுது... கால் தெரியுது... எடது முட்டி... உள்ள என்னமோ மின்னுது... இரும்பு! தகடு!"

முனியசாமிக்கு மயிர்க்கால் எழுந்து நின்றது. அவரும் எழுந்து நின்றார். "சாமீ! இது எனக்கும் வாசுவுக்கும் மட்டும் தெரிஞ்ச சங்கதி! ஒரு உசுருகிட்ட நான் சொல்லல! நானே சாட்சி!"

அறை முழுவதும் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி," என்றான் வாசு. "எடதா, வலதா?"

"எடது. அம்பாள் மேல சத்தியம். அவன வாங்குன, டீம் விளங்காது. பழத்த ரெண்டாக் கட்டுவோம்."

வாசு மூலையைப் பார்த்தான். "கௌஸ் பாய், எந்திரிங்க."

தொப்பிக்காரன் எழுந்தான். பேன்ட்டை இரண்டு பக்கமும் தொடைவரை சுருட்டினான். இரண்டு முட்டியும் பளிங்கு மாதிரி இருந்தன. ஒரு கீறல் இல்லை. போதாததற்குச் சாமிக்கு எதிரே நின்று, பத்துப் பன்னிரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தான். பார்த்தால் சாமிக்குத் தோப்புக்கரணம் போடுகிற மாதிரியே இருந்தது.

"உள்ள இருக்கு... வெளிய தெரியாது," என்றார் சாமி. குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"அறுக்காம எப்புடி காக்கா உள்ள வச்சாங்க?" என்றான் கௌஸ். காயல்பட்டினத்தில் அண்ணனுக்குக் காக்கா என்று பேர். "தையல் தழும்பாச்சும் இருக்கணும்ல? விசாவுக்கு மெடிக்கல் எடுக்கப் போனதத் தவிர நான் ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதில்ல."

"தகடு நான் கட்டுன கதை," என்றான் வாசு. "அத ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொன்னேன்."

மொத்த அறையும் திரும்பி முனியசாமியைப் பார்த்தது. அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

"நான் சொல்லலடா! மெஸ்ஸுல சொல்லல. ரூம்ல சொல்லல. சைட்ல..."

"பஸ்ஸுல?"

முனியசாமி குரலைத் தாழ்த்தினார்.

"பஸ்ஸுல... பக்கத்து சீட்டுக்காரன் காதுல... மெதுவாத்தான்..."

அந்த டப்பா பஸ்ஸின் இரைச்சலில் மெதுவாகச் சொல்வதென்றால் கத்த வேண்டும். அதுவும் டிரைவரின் பிடரிக்கு ஒரு முழம் பின்னாலிருந்து. காவலுக்கு உட்கார்ந்த சீட்டிலிருந்தே ஊர்க் கதை அத்தனையும் அவர்தான் ஒப்பித்திருக்கிறார். விமலுக்கு ஊரில் பெண் பார்ப்பது, மெஸ் சமையல்காரனுக்கு மூலம், எல்லாம்.

ஒவ்வொருவனாகத் தலையைச் சொறிய ஆரம்பித்தான். வீட்டம்மா பேசவில்லை என்று பஸ்ஸில் புலம்பியவன் இருந்தான். இன்ஜினியரை பஸ்ஸில் திட்டியவன் இருந்தான். விடியற்காலையில் தங்கள் வாயால் கொட்டியதை வெள்ளிக்கிழமை டிரைவர் வாயால் கேட்டு, அதற்குக் கார்டும் வைத்துவிட்டு, அதிசயம் என்று அழுதிருக்கிறார்கள்.

"சாமி குத்தம் வரும்டா!" என்று நாகலிங்கம் எழுந்தார். அவசரத்தில் மேல்தட்டில் மண்டை இடித்தது. அது யாருடைய குற்றம் என்று தெரியவில்லை.

"வந்தா எனக்கு வரட்டும்," என்றான் வாசு. "நீ நாளைக்கு பஸ்ஸ ஒழுங்கா எடு. கலாஸ், கதை முடிஞ்சுது."

வராந்தாவில் கிடந்த மேல்தட்டுக்காரன் உள்ளே வந்து கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தான். கட்டுக் கட்டாகக் கார்டுகள், ரப்பர் பேண்ட் போட்டு. அவனவன் கை நீட்டினான். யாருக்கு எவ்வளவு என்பதில் அடிதடி நடந்தது. அதை விடுங்கள்.

கூட்டம் கலைந்தபின் முனியசாமி வாசுவைத் தேடிப்போனார். நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவன் பூட்ஸைப் பார்த்தே கேட்டார்.

"ஏன் தம்பி, அந்த ஏழு கோலு எப்பிடித்தான் விழுந்துச்சு?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவை கேட்கிறார்.

"நம்ம பேக்கு ரெண்டு பேரும் கோல் போடுற ஆசைல முன்னாடி ஓடிருவானுங்க. பின்னாடி நானும் பழமும்தான் நிப்போம்."

"விமலு போயிட்டா கோலு யாருடா போடுவா?"

"அதான் முன்னாடி ஓட ரெண்டு பேரு இருக்கானுங்களே. அவனுங்கள அங்கயே விட்ருவோம். பின்னாடி கௌஸ் நிக்கட்டும்."

ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துபோன விஷயம். இதற்காகப் போன கார்டுகளில் சாயல்குடியில் மூன்று தெருக்காரர்களோடு பேசியிருக்கலாம். முனியசாமி சுஐபுக்குப் போன் போட்டுச் சரி என்றார்.

முதல் மேட்ச்சில் கோல்போஸ்டில் ஒன்றும் தொங்கவில்லை. கௌஸ் நின்றான். பந்து வந்தது, திரும்பிப் போனது. வந்தது, போனது. பழைய பேக் ஒருவன் வழக்கம்போல் முன்னால் ஓட, பந்து அவன் முழங்காலில் தெரியாமல் பட்டு உள்ளே போனது. ஒன்றுக்கு சைபர். முனியசாமி மணலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். மணல் கண்ணில் விழுந்துவிட்டது என்றார். அடுத்த மேட்ச்சில் விமலே அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கோல் போட்டு எங்களை வெளியே அனுப்பிவைத்தான். போகட்டும். கேட்டது ஒரு மேட்ச்.

அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்துக் கேம்ப்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முனியசாமியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்கள்.

"அண்ணே, நீங்க கை காட்டுன ஆளு ஜெயிக்கிறானாம். உங்க வாக்கு பலிக்குதாம். எங்களுக்கும் ஒரு பேக்கு வேணும். எவன எடுக்கலாம்னு ஒரு வார்த்த..."

ஒருவன் குனிந்து காலைத் தொடப்போனான். முனியசாமி காலை இழுத்துக்கொண்டார். கொஞ்சம் தாமதமாகத்தான் இழுத்தார், நன்றாகத்தான் இருந்தது.

"போய் அவன் ஆடுறதப் பாருங்கடா. பாத்துட்டு யோசிங்க. ஆண்டவன் தலையக் குடுத்தது ஹெல்மெட் மாட்ட மட்டும் இல்ல!"

அவர்கள் போனபின், அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தன் தலையையும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.