என் முதல் நூலுக்குப் பக்கங்கள் இல்லை, மாமா

வெல்லாவெளி,
வியாழக்கிழமை.

பேரன்புக்கும் மதிப்புக்கும் உரிய கனகசிங்கம் மாமாவுக்கு, மருமகள் தக்ஷாயினி பணிவுடன் எழுதுவது.

முதலில், கடிதம் எழுதுவதற்கே என்னை மன்னிக்க வேண்டும். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் களுவாஞ்சிக்குடியில் உங்கள் வாசலில் நிற்பேன். கையில் போனும் இருக்கிறது. ஆனால் நேரில் வந்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் "ஓம் மாமா" என்பேன். போனிலும் அதே கதைதான். தாளில் என்றால் நீங்கள் இடையில் பேச முடியாது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவருக்கு இப்படி எழுதுவது மரியாதை இல்லை என்று தெரியும், அதற்கும் சேர்த்து மன்னியுங்கள். எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனையால் திருத்தி வைத்தால் பிறகு வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் இடுப்பு நோவு குறைந்துவிட்டது. உங்கள் தங்கையான அம்மாவுக்கு மட்டும் என்னால் ஒரு மனக்கஷ்டம், அது கீழே வரும். நீங்களும் மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமி நட்ட கறிவேப்பிலைக் கன்று துளிர்த்துவிட்டதா?

விசயத்துக்கு வருகிறேன். கெம்பஸ் முடித்து இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும். மாசி மாதம், வேலையில்லாப் பட்டதாரிகளுக்கு ஐந்து நாள் சுயதொழில் பயிற்சி என்று ஒரு நிறுவனம் அறிவித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கேக் ஐசிங்குக்கும் தையலுக்கும் பெயர் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: வீட்டில் இருந்தபடியே கம்பளி நூற்றல், சாயமிடல், நெய்தல். பெயரை எழுதிக் கொடுத்த பிறகுதான் மட்டக்களப்பில் கம்பளியை யார் உடுத்தப் போகிறார்கள் என்ற யோசனை வந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது. எனக்குப் பின்னால் இருந்த அக்கா ஒருவர் கேட்டார். நுவரெலியாவில் இருந்து பயிற்சி தர வந்திருந்த சிங்கள மிஸ் அதற்குக் கையை விரித்து, மலையைக் காட்டி, வானத்தைக் காட்டி, நாலு நிமிடம் விளக்கம் சொன்னார். மொழிபெயர்க்க நின்ற அலுவலர் எங்கள் பக்கம் திரும்பி, "நல்லா முறுக்கட்டாம்" என்றார். ஐந்து நாளும் நாங்கள் தமிழில் கற்றது அதுதான். கடைசி நாள் ஆளுக்கு ஒரு சான்றிதழும், செய்முறை எழுதிய ஒரு தமிழ்க் கைநூலும், ஒரு சாக்கு நிறையக் கழுவாத செம்மறி ஆட்டு மயிரும், கதிர் ஒன்றும் தந்து அனுப்பினார்கள்.

சாக்கோடு நான் படலைக்குள் வந்ததும் அம்மா மூக்கைப் பொத்தினார். "இதென்ன புள்ள, பட்டம் எடுத்திட்டு செத்த ஆட்டோட வாறாய்?" அப்பாவுக்கு நான், "கதிர் தந்திரிக்காங்கப்பா" என்று சொல்ல, அவர் ஆவலாக எழுந்து வந்து, "என்ன நெல்லு?" என்று கேட்டார். நூல் சுற்றும் கோலுக்கும் கதிர் என்றுதான் பெயர், அடியில் ஒரு வட்டத் தட்டு இருக்கும் என்று காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது விளையாது" என்று வைத்துவிட்டார். மயிரைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் அலசி வேலியில் காயப்போட்டேன். அடுத்த வளவு மாமி அதைப் பார்த்துவிட்டு அம்மாவோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. எட்டாம் நாள்தான் வேலிக்கு மேலால் சொன்னார்: "கிடா அடிச்ச எண்டு சொல்லவுமில்ல, ஒரு துண்டு கறி தரவுமில்ல. பறவாயில்ல கா." அம்மா, "கிடா இல்லகா, இது புள்ளட படிப்பு" என்றார். மாமி நம்பவில்லை. எனக்கும் அதைக் கேட்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

ஆனால் மாமா, நூற்கத் தொடங்கிய பிறகு நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். கதிரைச் சுழற்றி விட்டால் அது அந்தரத்தில் தொங்கிச் சுற்றும். விரலுக்கு இடையில் பஞ்சு போலக் கிடந்தது மெல்ல இழுபட்டு, திடீரென்று பார்த்தால் நூலாக இருக்கும். அது எந்த இடத்தில் நூலாகிறது என்று மூன்று நாள் கண் வெட்டாமல் பார்த்தேன், பிடிபடவில்லை. அறுந்து விழும் ஒவ்வொரு தரமும் கோழிகள் தீன் என்று ஓடி வந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆசிரியர் நியமனம் எப்போது வரும் என்று ஒரு நாள் முழுக்க நினைக்காமல் இருந்தது அந்த இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தரம். ஒரு கிழமையில் ஒரு அட்டை நிறைய நூல் சேர்ந்தது. அந்தச் சந்தோசத்தில்தான் உங்களுக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன்: "மாமா, எனது முதல் நூல் நிறைவுற்றது." அதிபருக்கு அனுப்புவது என்பதால் நல்ல தமிழில் அனுப்பினேன். "நூல் திரிச்சி முடிச்சிட்டன்" என்று நம்முடைய வாய்ப்பேச்சில் அனுப்பியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை வந்திருக்காது.

நீங்கள் உடனே போனில் கூப்பிட்டீர்கள்.

"சபாஷ் மருமகளே! தடிப்பா, மெல்லிசா?"

"மெல்லிசுதான் மாமா. இடைக்கிடை தடிப்பு."

"முதல் முயற்சி அப்பிடித்தான் இரிக்கும். முடிச்சு இரிக்கா?"

"அறுந்த இடமெல்லாம் முடிச்சுத்தான் மாமா."

"அதுதான் வேணும். சிக்கல்?"

"ஒண்டும் இல்ல. இரிந்த எல்லாத்தையும் எடுத்திட்டன்."

"ஐயோ புள்ள, அத ஏன் எடுத்தாய்? சிக்கல் இல்லாட்டி ஆர் மினக்கெட்டு முடிவு மட்டும் போறது?"

"ஓம் மாமா."

"சரி, போனது போகட்டும். அட்டை?"

"அட்டையிலதான் சுத்தி வச்சிரிக்கன்."

"சுத்தியா? நவீனமாக் கிடக்கே! எத்தின பக்கம்?"

நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். "ரெண்டு பக்கமும் மாமா."

"லைன் வெட்டுது புள்ள. ரெண்டு நூறாக்கும். அது போதும். மறுகா எல்லாத்தையும் நான் பாத்துக்கொள்றன்."

"ஓம் மாமா."

போனை வைத்துவிட்டு, மாமாவுக்குக் கம்பளியைப் பற்றியும் இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று வியந்தேன். சிக்கலை எடுத்தது பிழையோ என்று கைநூலை எடுத்துப் பார்த்தேன். அதில் எடுக்கத்தான் சொல்லியிருந்தது. உங்களை நம்புவதா, கைநூலை நம்புவதா என்று தெரியாமல் அதற்குப் பிறகு திரித்ததில் கொஞ்சத்தைச் சிக்கலோடேயே விட்டு வைத்தேன். அது இப்போதும் சாக்குக்குள் கிடக்கிறது.

பிறகு சாயம். வெங்காயத் தோலும் மஞ்சளும் படிகாரமும் போட்டுப் பொன் நிறம் எடுப்பதென்று திட்டம். அம்மாவின் சோற்றுப் பானையை அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அடுப்பில் ஏற்றி, களி கிண்டுவது போல நன்றாகக் கிண்டினேன். கைநூலின் இரண்டு தாள்கள் ஒட்டிக் கிடந்தன. அவற்றைப் பிரித்தபோதுதான் "கொதிக்க விடாதீர்கள், கிளறாதீர்கள்" என்று கண்டேன். அதற்குள் பாதி நூல் சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, தோசை போலத் தடித்துவிட்டது. அம்மா பானைக்காக ஏசினார். பிறகு அந்தத் தோசையை நாலாக வெட்டி, சூட்டுச் சட்டி இறக்க வைத்துக்கொண்டார். "இவ்வளவு காலமும் கையச் சுட்டுக்கொண்டு கிடந்தமே" என்று இப்போது அடுத்த வளவு மாமிக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார். அவர்கள் மறுபடியும் கதைக்கிறார்கள்.

மிச்சப் பாதியை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். என்னோடு படித்த நிஸ்றாவின் வீட்டில் கைத்தறி இருக்கிறது. அவளுடைய உம்மா, ஆமினா உம்மா, நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கம்பிளியா? இந்த வெக்கைக்கா? மகள், கெம்பஸ்ல நீங்க ரெண்டு பேரும் இதத்தான் படிச்சயா?" என்று கேட்டார். "நிறம் என்ன மகள் இது? மீன் ஆணத்துக்குள்ள உழுந்த மாதிரி இரிக்கி" என்றும் சொன்னார். "சும்மா இரிங்க உம்மா, பாக்கப் பாக்க அழகா இரிக்கி" என்று நிஸ்றா எனக்காகப் பேசினாள், ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சாரத்துக்காகத் தறியில் நீளவாட்டில் பூட்டிய பருத்தி நூலில் கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தது. அதற்குக் குறுக்கே என் கம்பளியை விட்டு நெய்தோம். என் நூலின் தடித்த இடம் வரும்போதெல்லாம் தறி நின்றது, ஆமினா உம்மா எழுந்து வந்தார். கடைசியில் எங்களை எழுப்பிவிட்டுத் தானே இருந்து நெய்து, "இப்ப நீ அடி" என்று கடைசி ஒரு சாணை எனக்குத் தந்தார். முடிந்ததும் பார்த்தால் சால்வைக்குக் கட்டை, துவாய்க்குத் தடிப்பு. நான் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன், பையில் வைக்க மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அழைப்பிதழ். "நூல் வெளியீட்டு விழா. ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. தலைமை: ஓய்வுநிலை அதிபர் கனகசிங்கம். ஏற்புரை: நூல் ஆசிரியர் செல்வி இ. தக்ஷாயினி." சத்தியமாக மாமா, நான் அப்போதும் விளங்கிக்கொள்ளவில்லை. நூல் ஆசிரியர் என்றால் நூற்பதைச் சொல்லிக் கொடுப்பவர், உங்கள் வாசகர் வட்டத்துக்குக் கம்பளி நூற்கக் கற்றுக்கொடுக்கக் கூப்பிடுகிறீர்கள் என்றுதான் எண்ணினேன். அந்த வயதானவர்கள் கதிரைச் சுழற்றுவார்களா என்று யோசித்தேன். அம்மா அதற்கிடையில் "ஆசிரியர்" என்ற சொல்லோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு, எனக்கு நியமனம் கிடைத்துவிட்டது என்று பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். எந்தப் பள்ளிக்கூடம் என்று ஊர் கேட்கிறது. அவருக்கு விளக்கி முடித்தபோது அழுதுவிட்டார். மேலே நான் சொன்ன மனக்கஷ்டம் அதுதான். அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது: "முதற்பிரதி பெறுபவர்: திரு. க. இளையதம்பி, விவசாயி." அப்பாவின் பெயர்தான், ஆனால் நூலுக்கு ஏது பிரதி? அந்த இடத்தில்தான், மாமா, எனக்குத் தடிப்பும் முடிச்சும் சிக்கலும் பக்கமும் ஒன்றாக விளங்கின.

நான் ஒரு வரியும் எழுதவில்லை. என்னிடம் புத்தகம் இல்லை. இதை உங்களிடம் சொல்லவே இவ்வளவு பயம் என்றால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? மூன்றாம் வகுப்போடு வயலுக்கு இறங்கியவர் அவர். பெயர் எழுதத் தெரியும், பஸ் போர்டு பார்க்கத் தெரியும். தன் பெயர் அச்சில் வந்ததை முதல்முதல் கண்டது அந்த அழைப்பிதழில்தான். அதைப் பொலித்தீன் பையில் போட்டுச் சட்டைப் பையில் கொண்டு திரிகிறார். வட்டையில் பக்கத்து வயல்காரர் ஒருவர் விடாமல் எல்லாரிடமும், "என்ர புள்ள நூல் வெளியிடுறா. முதல் ஆளா வாங்குறது நான்" என்று சொல்லியாகிவிட்டது. நாற்பது பேராவது லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏறி வரப் போகிறார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் அப்பா கையை நீட்டும்போது நான் எதை வைப்பது? என்னைப் பார்த்து மண்டபம் சிரித்தால் தாங்கிக்கொள்வேன். அவரைப் பார்த்துச் சிரித்தால்?

ஆகவே மாமா, எனக்குக் கடும் காய்ச்சல் என்று சொல்லி விழாவைத் தள்ளி வைத்துவிடுங்கள். தேதி குறிக்காமல் தள்ளினால் நல்லது. அப்பாவுக்குப் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். இதை எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் காய்ச்சல் போலத்தான் இருக்கிறது. நாளைக் காலை முதல் பஸ் கொண்டக்டரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுவேன்.

மாமிக்கு என் அன்பு. உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், இந்தக் கிழமை கொஞ்சம் கூடுதலாக. பிள்ளையார் உங்கள் வீட்டைக் காக்கட்டும், காய்ச்சல் பொய்யை எனக்கு மன்னிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மருமகள்,
இ. தக்ஷாயினி

பி.கு.: மாமா, மேலே எழுதியதை எல்லாம் வாசிக்காதது போல விட்டுவிடுங்கள். உறையை ஒட்டும்போது அப்பா வந்து, "மாமாக்கு என்ன இவ்வளவு எழுத்து?" என்று கேட்டார். மூன்று தாள் எழுதி எழுதி வாய் பழகிவிட்டதோ என்னவோ, சொல்லிவிட்டேன்.

"அப்ப புத்தகம் இல்லயா?"

"இல்லப்பா. கம்பிளி நூல்."

"ஒரு பக்கமும் இல்ல?"

"ஒரு பக்கமும் இல்ல."

அப்பா அப்படியே நிலத்தில் குந்தி இருந்துவிட்டார். நான் பயந்துபோனேன். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "நல்ல காலம் புள்ள. மேடையில தந்துபோட்டு, ‘ஐயா, ஒரு பக்கத்த வாசிச்சுக் காட்டுங்க’ எண்டு ஆரும் கேட்டா என்ன செய்யிற எண்டு நாலு நாளாச் சோறு இறங்கல்ல. கண்ணாடிய வீட்ட மறந்திட்டன் எண்டு சொல்லுவம் எண்டு இரிந்தன்."

"உங்களுக்குக் கண்ணாடியே இல்லயேப்பா."

"அதத்தானே புள்ள நானும் யோசிச்ச."

பிறகு நெய்ததைக் கொண்டுவரச் சொன்னார். விரலால் உரசிப் பார்த்தார், இரண்டு கையாலும் பிடித்து உரமாக இழுத்துப் பார்த்தார். அது அறுந்துபோகவில்லை. "முழுக்க நீயா?" என்று கேட்டார். நெய்ததில் பெரும்பங்கு ஆமினா உம்மா, நூல் முழுக்க நான் என்றேன். அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தார். வெக்கையில் வியர்த்து வழிகிறது, கழுத்து கடிக்கிறது, சொறிகிறார், கழற்றவில்லை. விழாவைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டதற்கு, "எதுக்கு? நான் எல்லாருக்கும் நூல் எண்டுதானே சொன்ன? ஒருத்தருக்கும் பொய் சொல்லல்லயே" என்கிறார். இந்தக் கடிதத்தை உங்களிடம் கொண்டுவந்து தருவதும் அவர்தான்.

எனவே எனக்குக் காய்ச்சல் இல்லை. விழா நடக்கட்டும். முதல் வரியில் இருந்தே கேட்க நினைத்து, கேட்க முடியாமல் இத்தனை தாளை நிரப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, உங்கள் தலைமையுரைக்கு முன்னால், தயவுசெய்து மைக்கை ஐந்து நிமிடம் என்னிடம் தாருங்கள் மாமா. அப்பா அந்தத் துணியோடு மேடையில் நிற்கும்போது, அது என்ன நூல் என்று நான்தான் சொல்ல வேண்டும்.