கேக்கலக்கா வாங்கிய காது

சேலம், நாமக்கல் வட்டாரத்து மேடைகளில், பாடி முடித்த பாட்டைவிடப் பாதியில் நிறுத்திய பாட்டே அதிகம் என்ற பெருமை ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் பாடகி. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. எங்களுக்கு அவர் கேக்கலக்கா.

டூயட் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். காதலன் உருகி முடிப்பான். காதலி பதில் சொல்ல வேண்டிய இடத்தில், மைக்கிலேயே, மண்டபம் முழுக்க அதிரும்படி, "எனக்குக் கேக்கலீங்க!" என்பார். ராசிபுரத்தில் ஒரு வரவேற்பில் மணப்பெண்ணின் அப்பா மேடைக்கு ஓடி வந்து, அவர் காதோரம் குனிந்து, "பந்தி போட்டாச்சுங்க, சாப்பிட வாங்க" என்று கத்திவிட்டுப் போனார். பாவம், அக்காவுக்குச் செவிக்கோளாறு என்று நினைத்துவிட்டார்.

அக்காவின் காது பாம்புக் காது. அவருக்குக் கேட்காதது அவருடைய குரல் மட்டுந்தான். மேடையில் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாம் ஜனங்களைப் பார்த்து நிற்கும். பின்னால் டிரம்ஸ் இடி இடிக்கும், பக்கத்தில் நான் கீபோர்டில் என் பங்குக்கு இரைச்சல் போடுவேன். பாடுகிறவருக்குத் தன் குரல் தெரிய வேண்டுமானால் காலடியில் ஒரு மானிட்டர் பெட்டி வேண்டும். எங்களிடம் இருந்தது ஒன்று. அது எப்போதும் எங்கள் மேனேஜரின் காலடியில் இருக்கும். அவர்தான் குழுவின் முதலாளி, அவர்தான் ஆண் குரலும்.

போன வருஷம் அவர் அதையும் தாண்டிப் போனார். காதுக்குள் செருகிக்கொள்கிற மானிட்டர், வயர் கிடையாது, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. இன் இயர் என்பார்கள். காப்புப் போட்ட மாப்பிள்ளை மாதிரி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கொண்ணு?" என்று அக்கா கேட்டார். "வெலை தெரியுங்களா? மெயின் சிங்கருக்குத்தானுங்க அது" என்றார் மேனேஜர்.

"ஏனுங்க, டூயட்டுல பாதி நானுதானுங்களே?"

மேனேஜர் இடுப்புப் பெட்டியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தார். அடுத்த வாரம் அவரிடமிருந்து ஒரு யோசனை வந்தது. "உங்களுக்குச் சுருதி நிக்கறதில்லீங்க. இனிமே உங்க பாட்டை ரெக்கார்டு பண்ணி ஓட்டிக்கலாம். நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

அக்கா வெண்ணந்தூர்க்காரர். வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு மேல் பாடி வளர்ந்த தொண்டை அது. மேனேஜரை மேலும் கீழும் பார்த்தார். "வாயசைக்கறதுக்கு நான் எதுக்குங்க? ஜவுளிக்கடைப் பொம்மையக் கொண்டாந்து நிறுத்துங்க. சேலையும் மடிப்புக் கலையாம நிக்கும்" என்றார். "என் தொண்டையில ஒரு குத்தமும் இல்லீங்க. மல்லசமுத்திரம் கச்சேரிக்கு என் காதோட வாரேன். அங்க சுருதி போச்சுனா நானே போயிக்கறேன்."

அன்றிலிருந்து அக்கா காது தேடக் கிளம்பினார். துணைக்கு நான்.

முதலில் வாங்கியது மலிவான புளூடூத். பாட்டுக் கேட்க அருமையாக இருந்தது. பாடினால்தான் வம்பு. அவர் பாடியது, எல்லாச் சத்தத்தையும் கலந்து அனுப்பும் மிக்சருக்குப் போய், காற்றில் ஏறி, ஆற அமரக் காதுக்கு வந்து சேர்ந்தது. ஒத்திகையில் இரண்டு வரி பாடிவிட்டுக் கழற்றி எறிந்தார். "என்னையாட்டவே ஒருத்தி பின்னாடியே வந்து பழிச்சுக் காட்டறா சாமி!"

அடுத்தது, போனோடு வந்த இயர்போன். மேல் ஸ்தாயிக்கு வாய் திறந்ததும் தாடை அசைந்து, ஒன்று காதிலிருந்து நழுவி விழுந்தது. இன்னொன்று அடுத்த சரணத்தில் விழுந்தது.

கடைசியில் சேலத்தில் இசைக்கருவிகள் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் வயர் உள்ள இன் இயர் ஒன்றை எடுத்து வைத்தார். "பேஸ் சும்மா அதிருங்க்கா."

"என் குரல்ல பேஸ் இருந்தா நான் எதுக்குத் தம்பி பொம்பளப் பாட்டுப் பாடறேன்? என் குரல் தெளிவாத் தெரியோணும். அது போதும்."

காட்சிக்கு வைத்திருந்தவற்றை ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார் அவர். அக்கா ஒவ்வொன்றாகச் செருகினார். வயரைக் காது மடலுக்கு மேலாகச் சுற்றி விட்டுக்கொண்டார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு அகலமாக வாயைத் திறந்து "ஆ" என்று நின்றார். சாமி வந்துவிட்டதா, பல்வலியா என்று தெரியாமல், கிட்டார் வாங்க வந்த ஒரு குடும்பம் வாசலோடு திரும்பிப் போனது.

அடுத்து, கடையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளை எல்லாம் போடச் சொன்னார். ஏதோ ஒரு குத்துப் பாட்டு கண்ணாடிகளை உலுக்கியது. நடுவில் நின்றுகொண்டு மைக்கில் பாடினார். மிக்சரிலிருந்து அவர் குரல் காதுக்குப் போனது. "இதுல வெளிச்சத்தம் உள்ள வருது. வேற." "இது இறுக்குது. வேற." தெருவில் கூட்டம் கூடியது. கல்யாணத்துக்கு புக் பண்ண வேண்டும் என்று ஒருவர் என்னிடம் நம்பர் கேட்டார்.

சிக்கல், காதுக்குள் நுழையும் முனையில் மாட்டுகிற ரப்பர் மூடியில்தான் இருந்தது. காதை அது ஒழுங்காக அடைத்துவிட்டால் சத்தத்தை ஏற்றவே தேவையில்லை. குறைத்து வைத்தாலே குரல் கேட்கும், காதுக்கும் சேதம் கிடையாது. இதை ஒவ்வொரு மூடியாகப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். வலது காதுக்கு நடுத்தர மூடி, இடதுக்குச் சின்னது. "ஜோடியாத்தான் போடுவாங்க" என்று கடைக்காரர் தயங்கினார். "கடவுளே ஜோடி பாத்து வெக்கல. விடுங்க" என்றார் அக்கா. வயர் உள்ள அந்த இன் இயரும், இடுப்பில் மாட்ட ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும், மேடையின் அகலத்துக்கு நீண்ட ஒரு கேபிளும் வாங்கினார். எல்லாம் சேர்த்தும் விலை, மேனேஜருடையதற்கு முன்னால் தூசி.

வாங்கினால் ஆயிற்றா? மிக்சரிலிருந்து அவருக்குத் தனியாக ஒரு இணைப்பு வேண்டும். சவுண்ட் எஞ்சினியர் கையை விரித்தார். "காலி அவுட்புட் இல்லீங்க்கா." அன்று கச்சேரி முடிந்ததும் அக்கா பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். பெட்டியை டெம்போவில் ஏற்ற வேண்டும். அக்கா இறங்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா பையிலிருந்து தட்டுவடை செட் எடுத்துச் சாவகாசமாகச் சாப்பிட ஆரம்பித்தார். பொட்டலம் முடிவதற்குள் காலி அவுட்புட் ஒன்று கிடைத்துவிட்டது.

மல்லசமுத்திரத்தில் கோயில் திருவிழா. சேலைக்கு மேல் வயர் தொங்க மேடையேறிய அக்காவைப் பார்த்து மேனேஜர் சிரித்தார். "என்னங்க, கட்டுத்தறியில மாட்டைக் கட்டுனாப்புல?"

"தறியில நூலு போவுது. மேடையில ஒயரு போவக்கூடாதுங்களா?" என்றார் அக்கா.

முதல் பாட்டிலேயே எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே வாசித்தும் நான் கேட்டிராத குரல் அது. தன் குரலைத் தேடிக் கத்த வேண்டிய அவசியம் இல்லாததால், எங்கே மெல்ல இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது. சுருதி கம்பி கட்டியதுபோல் நின்றது. முன்வரிசைக் குழந்தைகள்கூட ஓடுவதை நிறுத்திவிட்டன.

இரண்டாவது பாட்டின் நடுவில் ஊர்ப் பிரமுகர் ஒருவர் சால்வை சகிதம் நுழைந்தார். அப்படி யாராவது வந்தால் பாட்டை அந்தரத்தில் நிறுத்தி வரவேற்பு இசை வாசிப்பது எங்கள் வழக்கம். மேனேஜர் கையைக் காட்டினார். டிரம்ஸ் நின்றது. நானும் நிறுத்தினேன். அக்கா நிறுத்தவில்லை. மேனேஜர் அவர் முன்னால் வந்து போக்குவரத்துப் போலீஸ்காரர்போல் இரண்டு கைகளையும் ஆட்டினார். அக்கா அவரைத் தாண்டிக் கூட்டத்தைப் பார்த்து, வாத்தியமே இல்லாமல், அந்தச் சரணத்தைப் பாடிக்கொண்டே போனார். பிரமுகர் நின்றபடியே கேட்டார். என் விரல்கள் தாமாகவே கீபோர்டுக்குத் திரும்பின. டிரம்ஸும் சேர்ந்துகொண்டது. பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டலில் பிரமுகருடைய கையும் இருந்தது.

மேடைக்குப் பின்னால் மேனேஜர் கொதித்தார். "நிறுத்தச் சொன்னனுங்களே!"

அக்காவைக் காப்பாற்றும் உத்தேசத்தில் நான் குறுக்கே விழுந்தேன். "காது அடைச்சிருந்துதுங்ண்ணா. அவுங்களுக்குக் கேட்டிருக்காது."

"நீங்க சும்மா இருங்க சாமி," என்றார் அக்கா. "நல்லாக் கண்ணுல பட்டுதுங்க. நிறுத்தக் கூடாதுன்னுதான் நிறுத்தல. பாதியில நிக்கறதுக்கா இவ்வளவு அலைஞ்சு இதை வாங்குனேன்?"

அடுத்த சில கச்சேரிகளுக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. ரெக்கார்டு ஓடியது, ஒரு பெண் வாயசைத்தாள். புக் பண்ண வந்தவர்களோ, "ஒயரு கட்டிக்கிட்டுப் பாடுமே ஒரு அம்மா, அது வருதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணமே எடுத்தார்கள். மேனேஜர் வெண்ணந்தூருக்குப் போனார். தறிச் சத்தத்துக்கு நடுவே அவர் என்ன கெஞ்சினாரோ தெரியாது. அக்காவின் நிபந்தனை மட்டும் தெரியும்: குழுவில் எந்தப் பெண் பாடினாலும் அவள் காதுக்கென்று ஒரு இணைப்பு நிரந்தரமாக இருக்க வேண்டும். இருக்கிறது.

அதே கடையில் நானும் ஒன்று வாங்கிவிட்டேன். இதில் ஒரு வசதி, அவரவர் காதுக்குள் எது தூக்கலாகக் கேட்க வேண்டும் என்று அவரவரே சொல்லலாம். சவுண்ட் எஞ்சினியர் ஒவ்வொரு கச்சேரிக்கும் கேட்கிறார், "உங்களுக்குக் கீபோர்டை ஏத்தட்டுங்களா?" நான் கீபோர்டைக் குறைத்து, அக்காவை ஏற்றி வைக்கச் சொல்கிறேன்.