கான்வெட்டித் தாத்தா வீடு மாறி வந்த நாள்

கண்டி முழுவதிலும் தேங்கி நிற்கும் தண்ணீரைச் சொந்தப் பகையாளியாக நினைத்தவர் ஒருவர்தான்: கான்வெட்டித் தாத்தா. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆயுள் முழுக்க வடிகான் வெட்டிவிட்டு, ஹந்தானை அடிவாரத்தில் எங்கள் சந்தில் இருந்த மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய சொந்தப் பெயர் மகளுக்கே மறந்திருக்கும்.

ஒரு கல்யாண வீட்டில் பந்தல் வாசலில் தண்ணீர் நிற்கிறதென்று, முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் குறுக்கே கான் வெட்டிவிட்டார். மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துத் தாண்டித்தான் உள்ளே போனார். பெண்ணின் அப்பா கத்தியதற்கு, "சத்தம் போடாதீங்க, தண்ணி வடியிறதப் பாருங்க" என்றார்.

மழை பெய்தால் என் வீட்டுத் தோட்டத்திலும் கணுக்கால் அளவு தண்ணீர். பப்பாசி மரம் வேர் அழுகிச் சாய்ந்தது. மனைவி நட்ட கறிமிளகாய்க் கன்றுகள் மிதந்தன. தவளைகள் மட்டும் குடும்பம் குடும்பமாகச் செழித்தன.

தாத்தா வந்து பார்த்தார்.

"மேல்வீட்டுக்காரரு காரு நிப்பாட்ட, எல்லைல இருந்த பழைய கான மூடிட்டாரு தம்பி. அதத் தொறந்தா போதும்."

சரிவில் எங்களுக்கு மேலே இருந்த அந்த வீட்டுக்காரர் என் ஆபீசின் பிரதம லிகிதர், தலைமைக் குமாஸ்தா. என் பதவி உயர்வு அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. "பொறகு பாப்போம் தாத்தா" என்றேன். 'பிறகு' என்ற சொல் அவருக்குப் பழக்கமில்லை. மறுநாள் ஞாயிறு காலையிலேயே எல்லையில் வெட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுத் திரும்பியதும், பிரதம லிகிதர் பனியனோடு ஓடி வந்தார்.

"யாரு இந்தக் கிழவன்? நீங்க வரச் சொன்னீங்களா?"

"இல்லீங்க சேர்" என்றேன். "யாருன்னே தெரியாது. பைத்தியம் போல இருக்கு."

எங்கள் வீட்டுக் கோப்பை தாத்தாவின் கையில் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார். வெட்டிய மண்ணைத் தானே தள்ளி மூடினார்.

"மன்னிச்சுக்கங்க தொரை. வீடு மாறி வந்துட்டேன்" என்று பிரதம லிகிதரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பதவி உயர்வு கிடைத்தது. தோட்டம் சேறாகவே கிடந்தது. அதன்பின் தாத்தா எங்கள் வாசலைக் கடக்கும்போது தலை திருப்புவதில்லை. தண்ணீர் நிற்பதைப் பார்க்காமல் போவது அவருக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் வீட்டு வாசலை நான் மிதித்தது அவருடைய சாவுக்குத்தான்.

சில வருஷங்களில் பிரதம லிகிதர் ஓய்வுபெற்று, வீட்டை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போனார். புதிதாக வந்தவரிடம் தயங்கித் தயங்கிக் கானைப் பற்றிக் கேட்டேன்.

"இதுக்கு ஏன் கேக்குறீங்க? தொறந்து விடுங்க" என்றார்.

அவ்வளவுதான். இவ்வளவுக்காகத்தான் ஒரு மனிதரைப் பைத்தியமாக்கியிருந்தேன்.

நானே வெட்டினேன். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். கான் கோணல்மாணலாக வந்தது. தண்ணீர் பாதி தூரம் போய் நின்றுகொண்டது. மண்வெட்டியைப் பறித்துக்கொண்டு என்னை வாய் ஓயாமல் திட்ட, தாத்தா பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.