நர்ஸம்மாவின் நாலாயிரம் சொந்தக்காரர்கள்

ஏற்காட்டில் பனி இறங்கினால் ஏரி தெரியாது, எதிரே வரும் பஸ் தெரியாது, சில நாள் நம் கையே நமக்குத் தெரியாது. அந்தப் பனியாலும் மறைக்க முடியாத ஒன்று உண்டென்றால் அது எங்கள் நர்ஸம்மாவின் சொந்த வாழ்க்கைதான்.

ஏற்காட்டை அடுத்த வெள்ளக்கடை கிராமத்தில் எனக்குப் பக்கத்து வீடு. காபி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் ஊசி போட்டு ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகள் ஓசூரில். துணைக்கு ஒரு நாய். அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார். வேலையில் இருந்தவரை மேனேஜரை அதட்ட முடியாத குறையை அப்படித் தீர்த்துக்கொண்டார். காலையில் அவர் "மேனேஜர், வாயை மூடு" என்று சத்தம் போடும்போது, அந்த வழியாகப் போகும் எஸ்டேட் ஆட்களின் முகத்தில் ஒரு நிறைவு தெரியும்.

மகள் ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்ததும் நர்ஸம்மா செடி வளர்ப்போர் குரூப் ஒன்றில் சேர்ந்தார். நாலாயிரம் பேர் இருந்தார்கள். மற்றவர்கள் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வதோடு சரி. நர்ஸம்மா போடும் பெகோனியாவுக்குக் கீழே மகளைப் பெண் பார்க்க வந்தது, மருமகனுக்கு முடி கொட்டுவது, தனக்கு எந்த முழங்கால் வலிக்கிறது என்பதெல்லாம் இருக்கும்.

ஒருநாள் குரூப்பில் ஒரு விளையாட்டு வைத்தார்கள். பிறந்த தெருவையும் முதலில் வளர்த்த நாயின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் அதுதான் உங்கள் பூப்பெயராம். நர்ஸம்மா இரண்டையும் சொல்லிவிட்டு, பிறந்த தேதியையும் அம்மா பிறந்த ஊரையும் கேட்காமலே சேர்த்திருந்தார். பாஸ்வேர்டு மறந்தால் பேங்க்கில் இதையெல்லாம்தான் கேட்பார்கள் என்று நான் பதறினேன்.

"பேங்க்காரங்க கேட்டாலும் இதையேதான் கண்ணு சொல்லுவேன். மாத்திச் சொன்னாத்தானே தப்பு?" என்றார்.

முன்பின் தெரியாதவர்களாயிற்றே என்றேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கை கெட்ட காரியத்துக்குப் போகாது என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

அவரிடம் ஓர் ஆர்க்கிட் இருந்தது. செருப்பின் முனை மாதிரி வளைந்த பூ. ஓய்வு பெற்ற அன்று எஸ்டேட் முதலாளியம்மா கொடுத்தது. வருஷக்கணக்காக வெறும் இலையாக நின்று வெறுப்பேற்றிய செடி, போன மழைக்காலம் முடிந்ததும் பூத்துவிட்டது. அதன் ஓர் இலையை மேனேஜர் கிழித்து வைத்திருந்தது. நர்ஸம்மா அதற்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

படத்தைப் போட்டதும் குரூப்பே அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது போலாயிற்று. பூங்காதலன் என்ற பெயரில் ஒருவர், நீங்கள் ஊருக்குப் போனால் செடியை யார் கவனிப்பார்கள் என்று அக்கறையாகக் கேட்டார். நர்ஸம்மா விவரமாகப் பதில் எழுதினார். வியாழக்கிழமை மட்டும் முழங்காலைக் காட்டச் சேலம் போவேன், சாயங்கால பஸ்ஸுக்கு வந்துவிடுவேன். அவசரமென்றால் பக்கத்து வீட்டார் திறந்துகொள்ள ஜெரேனியம் தொட்டிக்கு அடியில் சாவி இருக்கும். நாய் குரைக்கும்தான், ஆனால் மேனேஜர் என்று கூப்பிட்டு ஒரு வறுக்கி பிஸ்கட் போட்டால் அடங்கிவிடும்.

அடுத்த வியாழக்கிழமை ஆர்க்கிட்டைக் காணவில்லை.

எதிர்வீட்டுப் பாப்பாத்தியக்கா களத்தில் காபிக்கொட்டை காயவைத்தபடி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பைக்கில் வந்தவர் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், வறுக்கி போட்டார், கதவைத் திறந்து தொட்டியை எடுத்துக்கொண்டார், மற்ற செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார், பூட்டிச் சாவியை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"நர்ஸம்மாளுக்கு முழங்கால் தேவலைங்களான்னு வேற கேட்டாருங்க. சொந்தக்காரருன்னு நெனச்சு நாந்தான் காப்பி வெச்சுக் குடுத்தேன்" என்றார் பாப்பாத்தியக்கா.

விசாரிக்க வந்த போலீஸ்காரர், சாவி இருக்கும் இடம் யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நர்ஸம்மா நேர்மையாக யோசித்தார். "ஒரு நாலாயிரம் பேருக்குங்க. போன வாரம் இன்னுங் கொஞ்சம் பேரு சேந்திருக்காங்க." போலீஸ்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதன்பின் நர்ஸம்மா குரூப்பில் எதுவும் போடவில்லை. நாயைக்கூடத் திட்டவில்லை. நான் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

சில வாரம் கழித்து வேலியோரம் நின்று கூப்பிட்டார். போனில், மலர்ப்பித்தன் என்று புதிதாக ஒருவர் ஓர் ஆர்க்கிட் படம் போட்டு, 'எங்கள் இல்லத்துப் புது வரவு' என்று எழுதியிருந்தார். ஓர் இலையில் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி.

"நான் போட்ட கட்டு எனக்குத் தெரியாதா கண்ணு?" என்றார்.

ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். பொறு என்று சொல்லிவிட்டு, ஓசூரிலிருந்து வந்திருந்த மகளின் போனிலிருந்து அவரிடம் நயமாக விசாரிக்க ஆரம்பித்தார். வெயில் எந்தப் பக்கம் படுகிறது? கிழக்குப் பக்கம், மூன்றாவது மாடி பால்கனி என்று பதில் வந்தது. காற்று வருமா? எதிரே காலி மனைதான் என்று இன்னொரு படம் வந்தது. அதில் காலி மனைக்கு அப்பால் சேலத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் பெயர்ப்பலகை முழுசாகத் தெரிந்தது. பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? மனைவி வேலைக்குப் போய்விடுவாள், நான் வீட்டில்தான் இருப்பேன். புகழ்ச்சிக்கு ஏங்கிய மனிதர், கேட்டதற்கெல்லாம் வாரி வழங்கினார்.

என் காரில் சேலத்துக்கு இறங்கினோம். கதவைத் திறந்தவர் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். நர்ஸம்மாவை எத்தனையோ படங்களில் பார்த்துப் பழகியவராயிற்றே, "வாங்க நர்ஸம்மா, முழங்கால்..." என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் முகம் வெளுத்தது.

நான் வழியெல்லாம் தயார் செய்துவந்த வசனத்துக்கு வேலையே இல்லை. நர்ஸம்மா நேராகப் பால்கனிக்குப் போய் இலையைத் தடவிப் பார்த்தார். "இத்தன வெயில்ல வெச்சிருக்கறீங்களே, வெந்து போச்சு பாருங்க."

தன்னிடம் எந்தச் செடியும் பூத்ததில்லை என்றும் ஆசைப்பட்டுவிட்டதாகவும் அவர் முணுமுணுத்தார்.

"கேட்டிருந்தா ஒரு கன்னு பிரிச்சுக் குடுத்திருப்பனுங்க" என்றார் நர்ஸம்மா. "என்ற ஊட்டுக்குள்ள பூந்துட்டீங்களே. அன்னையிலிருந்து தாப்பா போட்டும் தூக்கம் வர்றதில்லீங்க."

அந்த மனிதர் தலை நிமிரவில்லை. தொட்டியை அவரே தூக்கிக் கீழே கார்வரைக்கும் கொண்டுவந்து வைத்தார். புகாரை வாபஸ் வாங்கியது நர்ஸம்மாவின் முடிவு. எனக்கு அதில் இன்றும் சம்மதமில்லை.

பூட்டை மாற்றினோம். குரூப்பை விட்டு மட்டும் அவர் விலகவில்லை. போடுவதற்கு முன் நான் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. தினமும் காலையில் வேலிக்கு மேலே போன் வரும். "ஏதாச்சும் ஒளறியிருக்கனா பாரு கண்ணு." ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளை வெட்டுவேன், மகள் வரும் பஸ்ஸை வெட்டுவேன், பீரோ வாங்கிய கதையை வெட்டுவேன். நான் திருத்தி முடித்ததும் பெரும்பாலும் 'பூ' என்ற ஒரு சொல்தான் மிஞ்சும்.

நேற்று ஒரு பெகோனியா படம். கீழே, 'இன்னைக்குச் சமைக்கவே பிடிக்கல. ஒத்தையில உக்காந்து சாப்பிட்டு அலுத்துப்போச்சு' என்று எழுதியிருந்தார்.

தனியாக இருக்கிறோம் என்று ஊருக்கெல்லாம் சொல்லக் கூடாது. அந்த வரியை அழித்துவிட்டுப் போனைக் கொடுத்தேன். பிறகு வீட்டில் சொல்லிவிட்டு, எங்கள் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.