நாவலைப் படித்த ஒரே ஆள்

ஒரு மனிதன் தன் வீட்டில் ஒரே ஒரு துறையிலாவது அதிகாரியாக இருக்க வேண்டும். இதில் நான் உறுதியாக இருந்தேன். டிவி ரிமோட் எப்போதோ கைமாறிவிட்டது. மின்விசிறியின் வேகத்தைக்கூட என்னைக் கேட்டு வைப்பதில்லை. மிச்சமிருந்தது ஹால் ஜன்னலோரப் புத்தக அலமாரி. பிழைக்கப் போன ஊரிலிருந்து திரும்பும்போது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த புத்தகங்கள். நான் இரண்டு மொழியில் படித்தவன் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

என் மனைவிக்கு அந்த ஜன்னல் வெளிச்சம் வேண்டும். தையல் மெஷினுக்கு.

சனிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரையும் சேர்த்துக்கொண்டு ஒரு விஞ்ஞானத் திகில் படத்துக்குப் போனோம். ஒரு நாவலிலிருந்து எடுத்தது. விண்வெளியிலிருந்து ஒரு குரல் வருகிறது. கதாநாயகி பதில் சொல்கிறாள். கடைசியில் பார்த்தால் அந்தக் குரலே அவளுடையதுதான். உடனே ஒரு கதவு திறக்கிறது. தியேட்டரில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

லிஃப்டில் டாக்டர் கேட்டார். "சார், கடைசியில அவ செத்துட்டாளா, இல்ல நாமதான் செத்துட்டோமா?"

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "நாவலைப் படிச்சவங்களுக்குத்தான் அது புரியும் டாக்டர்."

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"மூலம், மொழிபெயர்ப்பு, ரெண்டும்."

இரண்டும் என்னிடம் இருப்பது உண்மை. வாங்கினாலே பாதி படித்த மாதிரி என்பது என் கொள்கை.

மனைவி லிஃப்ட் பொத்தானைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்ப நாளைக்குச் சாயங்காலம் வாங்க டாக்டர், இவரு விளக்குவாரு. சரியாச் சொல்லிட்டா அலமாரி ஜன்னலோரமே இருக்கட்டும். உளறினா பால்கனிக்கு."

"என்ன, பந்தயமா?" என்றேன்.

"பந்தயம்னா ரெண்டு பேருக்கும் ஜெயிக்க வழி இருக்கணும்ங்க."

மறுநாள் காலை அலமாரிக்கு ஓடினேன். இரண்டு பிரதியையும் காணோம். பல் விழுந்த வாய் மாதிரி அங்கே இடைவெளி.

"என்னங்க தேடறீங்க?"

"தூசி தட்டறேன்."

"கையிலயா?"

போனோடு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். பார்வையாளர் கருத்துகளைத் திறந்தேன். 'அவள் முதல் காட்சியிலேயே இறந்துவிட்டாள்' என்றது ஒன்று. 'அவள் இன்னும் பிறக்கவே இல்லை, கவனமாகப் பாருங்கள்' என்று கண்டித்தது அடுத்தது. நாவலைக் கொலை செய்துவிட்டார்கள் என்று ஒருவர். நாவலைக் காப்பாற்றியதே படம்தான் என்று இன்னொருவர். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த ஒருவர் 'ஏசி அருமை' என்று மட்டும் எழுதியிருந்தார். படிக்கப் படிக்க, நான் பார்த்தது எந்தப் படம் என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் 'வால்நட்சத்திரம்' என்ற பெயரில் அந்தக் கருத்து கண்ணில் பட்டது. 'நாவலில் கதாநாயகிக்கு ஒரு கணவன் உண்டு. அவன் ஓர் இயந்திர மனிதன். சொந்தமாக எதையும் யோசிக்க மாட்டான். அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்வான். விண்வெளிக் குரல் என்பது அதுதான். படத்தில் அவனை வெட்டிவிட்டார்கள். அதனால்தான் யாருக்கும் புரியவில்லை.'

தெய்வமே! கீழே பதிலும் போட்டேன்: 'மிகச் சரி. இரு மொழியிலும் படித்தவன் என்ற முறையில் வழிமொழிகிறேன்.' சமையலறையில் மனைவியின் போன் 'டிங்' என்றது. யாரோ திரைச்சீலை தைக்கக் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன்.

"அடடா!" என்று திறந்த வாயை அவர் மூடவில்லை. "அப்ப அந்தக் கதவு?"

"அது... அவன் சார்ஜ் ஏத்திக்கற அறை டாக்டர்."

மனைவி கேட்டாள். "இது ரெண்டு புத்தகத்துலயும் இருக்கா?"

"மொழிபெயர்ப்புல இன்னும் உருக்கமா இருக்கும்."

அவள் தையல் கூடைக்குள் கைவிட்டாள். மூலம் வந்தது. மொழிபெயர்ப்பும் வந்தது. இரண்டிலும் வரிக்கு வரி பென்சில் கோடு.

"போன மாசமே ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சு முடிச்சேன். அவளுக்குக் கல்யாணமே ஆகலைங்க."

"இல்லையே, அந்த வால்நட்சத்திரம்..." நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் வார்த்தை விழுந்துவிட்டது.

அவள் போனை டாக்டர் பக்கம் திருப்பினாள். வால்நட்சத்திரத்தின் கணக்கு, அவள் போனில். அடியில் என் வழிமொழிதல்.

"நேத்து ராத்திரி எழுதிப் போட்டேன். இவரு எங்க போய்த் தேடுவாருன்னு எனக்குத் தெரியாதா?"

டாக்டர் குழம்பிப்போனார். "அப்ப அந்த இயந்திர மனுஷன் வெறும் கற்பனையா?"

"கற்பனையா? உங்க எதிர்லதானே உக்காந்திருக்கு!"

"சரி மேடம், அந்தக் கதவுக்கு என்னதான் அர்த்தம்?"

"அதை நான் சொல்லிட்டா இவரு எப்பப் படிக்கிறது?" என்று எழுந்தாள். "என்னங்க, அலமாரியை அந்தப் பக்கம் பிடிங்க. பால்கனிக்கு."

"பால்கனிக்கு" என்றேன்.