மருமகள் மீட்டுத் தந்த தொண்டை

பென்னாகரம்
11-5-1984

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி மதலைமுத்து அவர்களுக்கு, அருள்சாமி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் இன்னாசியம்மாளும் கறவை மாடும் சுகம். அரூரில் தாங்கள் எல்லாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

இப்படி ஒரு மகளைப் பெற்றுவிட்டு, பெண் பார்க்க வந்த அன்று "ஏதோ மொழியியல்னு படிச்சிருக்குதுங்க" என்று சொன்னீர்களே, அது என்ன அடக்கம்! கோயில் திருவிழாவில் காணிக்கையாக வரும் கோழி, ஆடு, பூசணிக்காயை மைக்கில் ஏலம் விடுவது நான்தான் என்று தங்களுக்குத் தெரியும். அந்தத் தொண்டை போன மாதக் காய்ச்சலோடு போய்விட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. மாத்திரை, மிளகுக் கஷாயம், எதற்கும் மசியவில்லை. அதற்குள், வெகுநாளாக மைக்கின் மேல் கண்ணாயிருக்கும் எங்கள் தெருச் சவுரியப்பன் பங்குச் சாமியாரிடம் போய், "அண்ணனுக்கு எதுக்குங்க சிரமம், மைக்க நான் புடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை சம்பந்தி.

நம் லூர்துதான் என் கையைப் பிடித்து அவள் மாமியார் கழுத்தில் வைத்தாள். "அய்யோ, நெரிக்கறாரு!" என்று இன்னாசியம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. லூர்து அசரவில்லை. "அத்தை, 'பாக்கு' சொல்லுங்க. 'க்கு' வர்றப்ப அதிர்வு சித்த நிக்குதுங்களா மாமா? இப்ப 'பாங்கு' சொல்லுங்க அத்தை. நிக்காம ஓடுதுங்களா? அந்த ஓட்டத்தப் புடிச்சுக்கிட்டா உங்க குரலும் வந்துரும்" என்றாள். அன்றிலிருந்து வாயை மூடி முனகி, அந்த முனகலிலிருந்தே "ம்ம்ம்பா, ம்ம்ம்பா" என்று பழகினேன். பக்கத்து வீட்டுக் காசியம்மாள் வந்து, "கன்னுக்குட்டிய அவுத்து வுடலையா, பாவம் கத்துதே" என்றாள். நேற்றுக் காலையில், "இன்னாசி, சொம்பு கொண்டா" என்றேன். 'ம்பு'வும் 'ண்டா'வும் தொண்டையில் கிர்ரென்று ஓடின. சொம்பு வருமுன் அழுதுவிட்டேன். எங்கள் குடும்பத்துக்கு இப்படியொரு பெண் வாய்க்க நாங்கள் என்ன புண்ணியம் செய்தோமோ!

சாமியாரிடம் பேசிக் காட்டினேன், மைக்கை எனக்கே தருவதாகச் சொல்லிவிட்டார். ஞாயிறன்று குடும்பத்தோடு வந்து கேட்க வேண்டும். மாதா தங்கள் வீட்டையும் வயலையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மகளால் பேசும்
அருள்சாமி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் திருவிழாவே முடிந்துவிட்டது. முதலில் ஒரு சேவல். "ஒரு தரம்" என்றேன், "ரெண்டு தரம்" என்றேன். அந்த 'ண்டு' மைக்கில் கேட்ட அழகுக்கு இன்னொரு முறை "ரெண்டு தரம்" என்றேன். பிறகும் சொன்னேன். மூணு சொல்ல மனசே வரவில்லை. ஏலம் கேட்ட கிருஷ்ணப்பன், "மூணு சொல்லுங்கண்ணா, கடைசி பஸ்ஸு போயிரும்" என்று கெஞ்சினான். சேவல் கட்டை அவிழ்த்துக்கொண்டு போயே விட்டது. சாமியார் மைக்கைப் பிடுங்கிச் சவுரியப்பனிடம் கொடுத்துவிட்டார். இனி வருஷா வருஷம் அவன்தானாம். கூட்டமே சிரித்தது. லூர்து மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினாள்.