ஒடுக்கு விழுந்த பஸ்

ஒடுக்கைக் காணோம்.

தருமன் டெய்லர் இஞ்சு டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து தேடினார். முந்தாநாள் காலையில் இதே பஸ்ஸின் முதுகில், ஏணிக்கு இடது பக்கம், தேங்காய் மூடியைக் கவிழ்த்து அழுத்தினாற்போல ஒரு ஒடுக்கு இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் பிஸ்கட் டின் தகட்டில் கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி, அச்சு அசலாக ஒரு குட்டி ஒடுக்கு உண்டாக்கியிருந்தார். இப்போது பார்த்தால் பஸ்ஸின் முதுகு, முகம் மழித்த மாப்பிள்ளைக் கன்னம் மாதிரி வழவழவென்று இருக்கிறது.

“யோவ், வண்டி எடுக்கணும். நவுருய்யா!” என்று இறங்கி வந்தார் கண்டக்டர் வேணு.

“இங்க ஒரு ஒடுக்கு இருந்துதே, என்னா பண்ணீங்க?”

விசிலை வாய்க்குக் கொண்டுபோன வேணு அப்படியே நின்றார். “எந்த ஒடுக்கு?”

“முந்தாநாள் இருந்த ஒடுக்கு.”

“நீங்க... யாரு?”

“அதெல்லாம் அப்புறம். ஒடுக்கு எங்கப்பா போச்சு?”

வேணு விசில் ஊதினார், பாதி சத்தம், பாதி காற்று. பஸ் கிளம்பிவிட்டது. வண்டிதான் மாறிப்போச்சோ என்று டெய்லர் புகைக்குள் எட்டிப்பார்த்தார். நம்பர் பிளேட்டில் அதே 4417.

“டிங்கரிங் பண்ணிட்டானுங்க,” என்று பல்லைக் கடித்தார். “ஆயுத பூசை வருதில்ல!”

ஒரு ஒடுக்குக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்பவர்களுக்குப் போன வருஷத்துக் கதை தெரியாது. தீபத் திருவிழாப் பொருட்காட்சியில் கைவேலைப் போட்டி உண்டு. தருமன் டெய்லர் ஒரு முழ நீளத்துக்கு ஆகாய விமானம் ஒன்றை நெட்டித் தக்கையில் செதுக்கி, வெள்ளிக் காகிதம் ஒட்டி, ரெக்கையில் விளக்கெல்லாம் வைத்துக் கொண்டுபோனார். நடுவராக வந்தவர் பிரேக் இன்ஸ்பெக்டர். சக்கரம் வைத்தது எதுவானாலும் அவர் இலாகா என்று விழாக் கமிட்டி முடிவு கட்டியிருந்தது. விமானத்துக்கும் சக்கரம் இருக்கிறதே!

“இதை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“மேல போறப்ப பாத்திருக்கேன் சார்.”

“அப்போ வயித்தைத்தான் பார்த்திருப்பீங்க. முதுகெல்லாம் கற்பனையா? நம்ம ஊர்ல நிஜமா ஓடற ஒண்ணை, ஒரு ஆணி தப்பாம செஞ்சி கொண்டாங்க. கப்பு உங்களுக்குத்தான்.”

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர் ‘ஏரோப்ளேன் டெய்லர்’. “ரவிக்கை எப்ப ஆவும், ஏரோப்ளேன்?” என்று பொம்பளைகள் கூடக் கேட்டார்கள். சொந்த மச்சான் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையே ‘ஏ. தருமன்’ என்று வந்தது. அவருடைய அப்பா பெயர் சடையன்.

அந்தப் பெயரைத் துடைத்துப்போட ஒரே வழி கப்பு. அவர் மனைவி கஸ்தூரி அதற்கும் கெடு வைத்துவிட்டாள். “இந்த வாட்டியும் கப்பு வரலைன்னா, தகடு, நெட்டி, பெயிண்டு டப்பா அத்தனையும் பேரீச்சம்பழக்காரனுக்குப் போட்டுடுவேன். அப்புறம் ஊசி, நூலு, நீங்க. அவ்ளோதான்.”

எனவே குணபூஷணம் மோட்டார் சர்வீஸின் கீழ்பென்னாத்தூர் பஸ். தெருமுனையில் தினமும் நிற்கிறது. முதுகும் தெரியும், வயிறும் தெரியும். இரண்டடிக்கு ஒரு இஞ்சு என்று கணக்குப் போட்டு டெய்லர் வேலையை ஆரம்பித்தார். பழைய ரப்பர் செருப்பில் டயர். கழுவிய எக்ஸ்ரே பிலிமில் ஜன்னல். கொண்டை ஊசியை வளைத்து ஏணி. சட்டைப் பித்தான் இரண்டு ஹெட்லைட்டாயின. நம்பர் பிளேட்டை முதல் வேலையாக எழுதி ஒட்டினார். எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் ஒடுக்கு காணாமல் போனது.

போனால் போகட்டும் என்று அவரும் தன் தகட்டைத் தட்டி நிமிர்த்தினார். தகடு பிளந்துவிட்டது. வீட்டில் இருந்த இன்னொரு பிஸ்கட் டின்னில் கஸ்தூரி முறுக்கு வைத்திருந்தாள். முறுக்கைக் காகிதத்தில் கொட்டிவிட்டு டின்னை வெட்டினார். முறுக்கை எறும்பு பார்த்துக்கொண்டது. எறும்பைக் கஸ்தூரி பார்த்தாள். அன்றைக்கு டெய்லர் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

புது முதுகுக்கு நீலப் பெயிண்டு காய்ந்ததும் சரிபார்க்கப் போனார். அதே நம்பர், அதே நீலம். ஒடுக்கு திரும்ப வந்திருந்தது.

“மறுபடியும் இடிச்சிருக்கானுங்க கஸ்தூரி! அதே இடத்துல, அதே அளவுல. அந்த டிரைவருக்கு என்னா கைப்பழக்கம் பாரேன்!”

“உங்களுக்கு மட்டும் கொறைச்சலா?” என்றாள் அவள்.

அத்தோடு விட்டதா? ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, சீட்டு பச்சை நிறம் என்று கண்டுகொண்டார். பச்சைக்கு எங்கே போவது? எதிர்வீட்டுச் சந்திரம்மாள் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைத் துணி பச்சை. அதன் கைகள் இரண்டும் பஸ்ஸுக்குள் போய் சீட்டாகிவிட்டன. நாலு நாள் கழித்துப் பார்த்தால் பஸ்ஸில் சீட்டெல்லாம் அரக்கு நிறம். சந்திரம்மாளின் மருமகள் கொடுத்த துணி அரக்கு.

“என்னாய்யா இது, கையி எங்க?” என்று மாமியாரும் மருமகளும் ரவிக்கைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்காகச் சேர்ந்து வந்தது அதுதான் முதல் தடவை.

“பட்டணத்துல இப்ப இதான் பேஷன்,” என்றார் டெய்லர்.

“அண்ணாமலையார் கோயிலுக்குக் கையில்லாத ரவிக்கை போட்டுக்கினு போவச் சொல்றியா? நல்லா இருப்பியா நீ, ஏரோப்ளேன்!”

கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த படமும் நிலையாக இல்லை. ஒருநாள் முருகர், ஒருநாள் பிள்ளையார். “அண்ணன் தம்பிக்குள்ள முறை வச்சிக்கிறாங்க போல,” என்று சொல்லிக்கொண்டு டெய்லர் இரண்டு படத்தையும் தீப்பெட்டியிலிருந்து வெட்டி வைத்துக்கொண்டார். மனிதர் அசரவில்லை. அசருகிறவராக இருந்தால் நெட்டி விமானத்தோடு நின்றிருப்பாரே.

அடுத்த கோளாறு தெருவுக்கே வந்து சேர்ந்தது. பஸ் எங்கள் ஸ்டாப்பிங்கில் நிற்பதை விட்டுவிட்டது. டெய்லர் இஞ்சு டேப்போடு நிற்பதைக் கண்டால் தூரத்திலேயே டிரைவர் வேகம் பிடிப்பார். மூட்டை முடிச்சோடு நிற்கிற சனம் பின்னாலேயே ஓடும். பால் கேனோடு ஓடி விழுந்த ராமதாஸ், எழுந்ததும் நேரே டெய்லர் வீட்டுக்குத்தான் வந்தார்.

“யோவ், அந்த பஸ்ஸை என்னாதான்யா பண்ற நீ?”

“அளக்கறேங்க.”

“பஸ்ஸுக்கு என்னா சட்டையா தைக்கப் போற?”

தெரு கூடி ஆராய்ந்தது. டெய்லரை ரகசியமாக வந்த ஆபீஸர் என்று பஸ்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள், அவர் எதை உற்றுப் பார்க்கிறாரோ அதைப் பயந்துபோய்ச் சரி செய்கிறார்கள் என்பது ராமதாஸின் தீர்ப்பு. ஒடுக்கு திரும்பத் திரும்ப வருகிறதே என்றால், “பயம் தெளிஞ்சதும் பழையபடி ஓட்றானுங்க” என்றார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. உடனே டெய்லருக்கு மரியாதையும் கூடிவிட்டது.

“தருமண்ணே, பொம்பளைங்க சீட்டுல ஒரு கம்பி நீட்டிக்கினு இருக்குது. கொஞ்சம் அதையும் மொறைச்சிப் பாத்துட்டு வாங்களேன்,” என்று சந்திரம்மாளே வந்து கேட்டாள்.

டெய்லருக்கு ஆபீஸர் பட்டம் வேண்டாம். கப்பு வேண்டும். ஸ்டாப்பிங்கில் நிற்காவிட்டால் என்ன என்று ஒருநாள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கழுத்து டேப்பை மடியில் கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கே போய் 4417இல் ஏறி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ஒடுக்கு உண்டு, சீட்டு பச்சை, படம் முருகர்.

“ஒரு கீழ்பென்னாத்தூர்,” என்று காசை நீட்டினார்.

வேணு முகத்தைப் பார்த்தார். துண்டு எதையும் மறைக்கவில்லை.

“ஐயோ, நீங்க போயி டிக்கெட் எடுக்கறதா? உக்காருங்க சார். யப்பா, சாருக்கு ஜன்னலோரம் உடு!”

“நான் சாதாரண டெய்லருங்க. பொம்மை பஸ் ஒண்ணு செய்றேன், அதுக்குத்தான்...”

“சார் ரொம்பத் தமாஷ்!” வேணு சிரித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

கீழ்பென்னாத்தூரில் இறங்கியதும் கலர் சோடா வந்தது. முதலாளி கொடுக்கச் சொன்னார் என்று ஒரு சீப்பு மலை வாழைப்பழம் வந்தது. “ஓட்டல்ல டீ சாப்டுட்டு வாங்க சார், அவசரமே இல்லை” என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவும் வைத்தார்கள். டெய்லர் டீ குடித்துவிட்டு வெளியே வந்தார். திருவண்ணாமலை போர்டு மாட்டி 4417 உறுமிக்கொண்டு நின்றது. ஒடுக்கு இல்லை. சீட்டு அரக்கு. உள்ளே பிள்ளையார்.

வீட்டுக்கு வந்து வாழைப்பழத்தைக் கஸ்தூரியிடம் கொடுத்தார். “ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள ஒடுக்கு எடுத்து, சீட்டு மாத்தி, சாமி மாத்தி... தொழில்காரன்னா அவனுங்கதான்டி.”

“எனக்கு என்னமோ சரியாப் படலை. நீங்க தச்சிக் குடுத்த துணிக்கு ஒருத்தனாவது ஒரு பழம் குடுத்திருப்பானா? பார்த்ததுக்கு ஒரு சீப்பா?”

“கலைக்கு மரியாதைடி.”

ஆனால் பிரச்சினை அப்படியேதான் இருந்தது. நடுவர் வருகிற அன்றைக்கு பஸ் எந்தக் கோலத்தில் இருக்கும்? ஒடுக்கோடா, ஒடுக்கில்லாமலா? வேறு ஆளாக இருந்தால் சூடம் கொளுத்தித் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்த்திருப்பான். தருமன் டெய்லர் தைக்கிற கை. பஸ்ஸின் முதுகைத் தனியாகக் கழற்றி, நாலு மூலையிலும் ரவிக்கை ஊக்கு வைத்தார். ஒடுக்கு முதுகு ஒன்று, வழவழ முதுகு ஒன்று. ஊக்கை அவிழ்த்தால் ஒன்று போய் இன்னொன்று வரும். சீட்டை ஒருபுறம் பச்சையும் மறுபுறம் அரக்குமாகத் திருப்பித் தைத்தார். முருகரையும் பிள்ளையாரையும் முதுகோடு முதுகு ஒட்டி, சுழல்கிற மாதிரி ஊசியில் மாட்டினார்.

வேலை முடிந்ததும், புது வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் எடுக்கக் கூடாது என்றாள் கஸ்தூரி. எலுமிச்சம்பழம் பஸ்ஸின் பாதி உயரம் இருந்தது. கடைசியில் நாலு சக்கரத்துக்கும் நாலு சுண்டைக்காய் வைத்தார்கள். ஒன்று நசுங்கவில்லை. கஸ்தூரி யாரும் பார்க்காதபோது விரலால் நசுக்கினாள். அவளுக்கும் உள்ளுக்குள் கப்பு ஆசை வந்துவிட்டிருந்தது.

பொருட்காட்சியில் அந்த பஸ்ஸைச் சுற்றி அப்படி ஒரு கூட்டம். பிரேக் இன்ஸ்பெக்டர் காக்கி உடையில் வந்தார். குனிந்து பார்த்தார், டயரை விரலால் உருட்டினார், ஏணிப் படியை எண்ணினார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

“பரவாயில்லையே! குணபூஷணம் வண்டிதானே? நம்பர் கூட விடலை. பின்னால ஒரு ஒடுக்கு வேற. சபாஷ்!”

அத்தோடு டெய்லர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். ஒரு ஆணி தப்பக்கூடாது என்று போன வருஷமே சொல்லிவிட்டாரே நடுவர்! “இருங்க சார், இன்னும் இருக்குது,” என்று ஊக்கை அவிழ்த்து முதுகை மாற்றினார். சீட்டைத் திருப்பினார். சாமியைச் சுழற்றினார்.

இன்ஸ்பெக்டரின் முகம் சுருங்கியது. “இது என்னாய்யா?”

“இதுவும் அதான் சார். சில நேரம் அப்படி இருக்கும், சில நேரம் இப்படி இருக்கும்.”

“நிஜம்னா ஒண்ணுதான் இருக்கணும். எதாவது ஒண்ணு பலிக்கட்டும்னு ரெண்டையும் செஞ்சி கொண்டாந்தீங்களா? போன வருஷம் ஆகாசத்துல கற்பனை, இந்த வருஷம் ரோட்டுல கற்பனையா?”

கூட்டத்தில் யாரோ வாயால் விமானச் சத்தம் எழுப்பினார்கள். கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கப்பு இருந்த மேசைப் பக்கம் இன்ஸ்பெக்டர் திரும்பக்கூடச் செய்தார். அடுத்த மேசையில் ஒரு பொம்மை மாட்டு வண்டி கப்புக்குக் காத்திருந்தது.

அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் பொரிப் பொட்டலத்தோடு நழுவப் பார்த்த வேணு, டெய்லரின் கண்ணில் பட்டார். பாய்ந்து போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து, காக்கி உடைக்கு முன்னால் நிறுத்தினார்.

“இவருதான் சார் அந்த வண்டி கண்டக்டரு! கேளுங்க. நான் செஞ்சதுல ஒண்ணாவது பொய்யான்னு கேளுங்க. வேணு, பயப்படாம சொல்லுப்பா. ஒடுக்கு இருக்கறதும் நிஜம், இல்லாததும் நிஜம். ஆமாவா இல்லியா?”

வேணு குட்டி பஸ்ஸைப் பார்த்தார். இரண்டு முதுகையும் பார்த்தார். நடுவில் பளிச்சென்று நின்ற 4417ஐப் பார்த்தார். பொரிப் பொட்டலம் கீழே விழுந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிவிட்டார்.

“ஐயா, நான் சம்பளத்துக்கு இருக்கறவன்! ஒரே நம்பரைப் போட்டு ரெண்டு பஸ் ஓட்டலாம்னது முதலாளி யோசனைங்க!”